ஈரக்காற்றில் தளரும் பாயிண்ட் ஷூ
வணக்கம் அக்கா. விருந்தினராக ஆட லண்டனிலிருந்து வந்த உங்கள் மகளின் பாயிண்ட் ஷூ (பாலே நடனத்தில் விரல் நுனியில் நின்று ஆட உதவும் காலணி), இங்கே இரண்டே ஒத்திகையில் தொளதொளத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஷூவில் குறையில்லை. விரல்களை மூடும் முன்பெட்டி, துணியைப் பசையால் அடுக்கி ஒட்டியது. வியர்வையும் சிங்கப்பூர் ஈரக்காற்றும் அந்தப் பசையை இளக்கிவிடும்.

ஆடி முடித்ததும் பிளாஸ்டிக் பையில் போடவே கூடாது! உள்ளே வைக்கும் விரல் பஞ்சை எடுத்துவிட்டு, ஏர்கான் அறையில் மின்விசிறிக்கு எதிரே ஒரு நாளாவது உலரட்டும். மூன்று ஜோடியை மாற்றி மாற்றிப் போடட்டும். தளர்ந்த பெட்டிக்குள் ஷெல்லாக் (காய்ந்ததும் கெட்டியாகும் அரக்குப் பூச்சு) மெல்லியதாகப் பூசி இரவு முழுக்கக் காயவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் விரலில் ஒட்டும்.

ஸ்வான் லேக் பாலேயின் மூன்றாம் அங்கத்தில் வரும் 32 ஃபுவெட்டே (ஒரு காலை வீசியபடி மறுகாலில் சுழல்வது) முழுவதும் ஒரே காலில் நின்றுதான். அதற்கென, காலுக்குப் பழகிய ஆனால் இன்னும் உறுதியான ஜோடியைத் தனியே வைக்கட்டும்.