சரிவான நிலத்தில் விறகு அடுக்கு ஏன் சாய்கிறது?

கேள்வி: வீட்டின் பின்புறம் நிலம் சரிவாக இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே ஆளுயரத்துக்கு அடுக்கிய விறகு இரண்டே மாதத்தில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து விழுந்துவிட்டது. காய்ந்த விறகு என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தப் பக்கம் இரும்பு முளைகளை அடித்து முட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார் விறகு கொண்டுவருபவர். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். மழையில் மண் இளகியதும் முளையும் அடுக்கோடு சேர்ந்தே சாயும். உயிருள்ள மரத்தின் மேல் சாத்துவதும் கூடாது. காற்றில் மரம் ஆடும்போது அடுக்கும் நெகிழும்.

உங்கள் விறகு காய்ந்ததாக இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் இப்படிச் சாய்ந்திருக்காது என்பதே என் கருத்து. பச்சை விறகு காயும்போது நீளத்தில் அநேகமாகக் குறைவதில்லை, பருமனில் சுருங்குகிறது. 6 அடி உயர அடுக்கு நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினாலே மூன்றரை அங்குலம் இறங்கிவிடும். வெயிலும் காற்றும் படுகிற பக்கம் முந்திக் காய்ந்து முந்தி இறங்குகிறது; அதுவே பள்ளத்துப் பக்கமாகவும் அமைந்துவிட்டால், ஒன்றரை அடி அகலமே உள்ள அடுக்கு எப்படி நிற்கும்?

ஆகவே முதலில் மண்வெட்டியை எடுங்கள். சரிவில் ஒரு படியைப் போல மட்டமாக வெட்டி, வெட்டிய மண்ணை அப்புறப்படுத்துங்கள். அதைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி அதன் மேல் அடுக்கினால் புதுமண் அமுங்கி அடுக்கைக் கவிழ்த்துவிடும். படியின் மேல் இரண்டு நீளக் கட்டைகளை இணையாகக் கிடத்தி, அவற்றின் மேல் விறகு தரையிலிருந்து 4 அங்குலமாவது உயர்ந்திருக்கும்படி அடுக்குங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்கையில் மேட்டுப் பக்க முனை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கலாம், பள்ளத்துப் பக்கம் ஒரு நூல்கூடத் தாழக் கூடாது. உயரம் 4 அடியோடு நிற்கட்டும். மேட்டிலிருந்து வரும் மழைநீரை ஒரு சிறு வாய்க்காலால் ஒதுக்கிவிடுங்கள்.

மண்வெட்டி இறங்காத பாறைத் தரைக்கு மட்டும் விலக்கு உண்டு. பலர் தவறுவது அங்கேதான் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். அங்கே பள்ளத்துப் பக்கக் கட்டையின் கீழ்க் கல் கொடுத்து உயர்த்தலாம். ஆனால் அந்தக் கல் உயரத்தைவிட அகலம் கூடிய ஒரே தட்டைக் கல்லாக இருக்க வேண்டும். சில்லுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஆப்பு செருகினால், கட்டை காய்ந்து சுருங்கியதும் ஆப்பு கழன்றுவிடும். கட்டையின் மேல் ஏறி நின்று இருபுறமும் அசைந்து பாருங்கள். காலடியில் 'டக்' என்ற ஓசை எழுந்தால் பிரித்து மீண்டும் வையுங்கள். ஓர் அடிக்கு மேல் கல் கொடுக்க வேண்டிய இடம் விறகுக்கு ஏற்ற இடமன்று.

"நாங்களே அடுக்கித் தருகிறோம்" என்று முன்வரும் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இடைவெளி விட்டு அடுக்கிக் கன அளவைக் கூட்டிக் காட்டுவது எளிது, மேடுபள்ளமான தரையில் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். நெருக்கி அடுக்கினால் 128 கன அடி வரும் விறகு, வாரிக் கொட்டினால் ஏறக்குறைய 180 கன அடியை அடைக்கும். எனவே எந்த அளவு என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். எடைபோட்டு வாங்கினாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். தராசுக்கு முத்திரை கேட்பவர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இத்தனை காலமாகியும் இது திருந்தாதது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை ஒரு கட்டையை உங்கள் முன்னிலையில் பிளக்கச் சொல்லி, பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அது பச்சை விறகு.

விழுந்து கிடப்பதை எடுக்கும்போது மேட்டுப் பக்கம் நின்று, மேலே உள்ளதிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். பள்ளத்தில் நின்று அடிக்கட்டையை உருவாதீர்கள்.