லைப்ரரி இருக்கு, சீமேக்குக்குத்தான் தெரியவில்லை: கேள்வி பதில்

சி, சி++ திட்டங்களைக் கொம்பைல் பண்ணும்போது, அதாவது ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும்போது, வரும் லைப்ரரித் தலையிடிகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். லைப்ரரி என்பது வேறு புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் குறியீடு. அதைத் தேடிப் பிடித்து பில்ட்டுக்கு ஆயத்தம் பண்ணும் கருவிதான் சீமேக். வந்தவற்றில் பாதி முதல் கேள்விதான்.

ஏறாவூர்: நானா, உபுண்டு லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் (மறையாக்க லைப்ரரி) இருக்கு, வேர்ஷன் கேட்டால் சொல்லுது. சீமேக் மட்டும் "நொட் ஃபவுண்ட்" என்கிறது.

தம்பி, உங்களிடம் இருப்பது ஓடுவதற்கான பகுதி. கொம்பைல் பண்ண ஹெடர் ஃபைல்களும் (லைப்ரரியில் என்னென்ன இருக்கு என்று கொம்பைலருக்குச் சொல்பவை) வேண்டும். டெபியன், உபுண்டுவில் அவை '-டெவ்' என்று முடியும் தனிப் பெக்கேஜில் வரும், உங்களுக்கு லிப்எஸ்எஸ்எல்-டெவ். ஃபெடோராவில் '-டெவெல்'.

வந்தாறுமூலை: அண்ணா, நானே கொம்பைல் பண்ணிய லைப்ரரியை ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறேன். எப்படிக் காட்டுவது?

லைப்ரரியைத் தேடும் சீமேக் கட்டளையான ஃபைண்ட்_பெக்கேஜ் இரண்டு விதமாகத் தேடும், தங்கச்சி. ஒன்று, சீமேக்குடனோ திட்டத்துடனோ வரும் 'ஃபைண்ட்' மொடியூல். ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே என்று அதுவே துழாவும். மற்றது, லைப்ரரி தன்னோடு கொண்டுவரும் 'கொன்ஃபிக்' ஃபைல். அது இருந்தால் துழாவல் வேண்டாம், விலாசம் கையில் கிடைத்த மாதிரி. பொதுவாக இரண்டுக்கும், எங்கே தேடுவது என்று சீமேக்குக்குச் சொல்லும் சீமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத் போதும். இன்ஸ்டோல் பண்ணிய மேல் ஃபோல்டரைக் கொடுங்கள், உள்ளே இருக்கும் 'லிப்' ஃபோல்டரை அல்ல. இந்தத் தவறோடு ஓர் இரவு முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். கரண்ட் போனதால்தான் படுத்தேன். சீமேக் 3.17 முதல் '--டிபக்-ஃபைண்ட்' உண்டு. எந்தெந்த இடத்தில் தேடியது என்று வரிவரியாகக் கொட்டும். நீளம்தான், ஆனால் ஊகிப்பதை விட அதை வாசிப்பது சுகம்.

கல்முனை: புதுப் பதிப்பு போட்டும் பழையதையே பிடிக்குது நானா.

முந்தைய தேடலின் முடிவுகளைச் சேமித்து வைக்கும் சீமேக்கேஷ் ஃபைல்தான் காரணம். கிடைக்காத லைப்ரரியை அடுத்த முறை திரும்பத் தேடும். கிடைத்துவிட்டால் அந்தப் பாதையை எழுதி வைத்துக்கொண்டு அதிலேயே நிற்கும். பில்ட் ஃபோல்டரை அழியுங்கள். சீமேக் 3.24 அல்லது அதற்குப் பிறகென்றால் '--ஃப்ரெஷ்' போடலாம்.

களுவாஞ்சிகுடி: சீமேக்கே இல்லாத பழைய திட்டம் அண்ணா, 'கொன்ஃபிகர்' ஸ்கிரிப்ட் மட்டும்தான்.

கொன்ஃபிக்.லொக் ஃபைலைத் திறவுங்கள். அந்த ஸ்கிரிப்ட் குட்டி சி புரோகிராம்களை எழுதி, கொம்பைல் ஆகிறதா என்று பார்க்கிறது. திரையில் வெறும் "நோ" என்று வந்ததற்கான உண்மையான எரர் அங்கே கிடக்கும். பல நேரம் குற்றவாளி நீங்கள் தேடும் லைப்ரரி அல்ல, அது நம்பியிருக்கும் இன்னொன்று. பிகேஜி-கொன்ஃபிக் என்ற கருவி மூலம் தேடும் திட்டமென்றால், லைப்ரரியின் விவரம் சொல்லும் '.பிசி' ஃபைல் இருக்கும் ஃபோல்டரை பிகேஜி_கொன்ஃபிக்_பாத்தில் சேருங்கள்.

ஒலுவில்: பில்ட் சரி. ஓட்டினால் ஷெயார்ட் லைப்ரரியைத் திறக்க முடியாதாம்.

இது சீமேக் தேடலின் பிழை இல்லை, புரோகிராம் ஓடத் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றும் லோடரின் வேலை. யூஎஸ்ஆர்/லோக்கலில் போட்டிருந்தால் லோடரின் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகொன்ஃபிக்கை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஒருக்கா ஓட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால், புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை காட்டுவதை அப்படியே அனுப்புங்கள்.