படம் நேராகத்தான் மாட்டியிருக்கிறதா?

வீட்டு அலங்காரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புது ஃபிளாட்டின் ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்ட, பிரேம் போட்ட அரூப (அப்ஸ்ட்ராக்ட்) ஓவியப் பிரிண்ட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். நீலமும் மஞ்சளும் கட்டம் கட்டமாக, நடுவில் தடியாக ஒரு கறுப்புக் கோடு. வந்த நாளிலிருந்து என் மாமனார் “அது தலைகீழா தொங்குதும்மா” என்கிறார். பின்னால் அம்புக்குறி எதுவும் இல்லை. எது மேல், எது கீழ்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: மாமனாரைக் குறை சொல்லாதீர்கள், பெரிய பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. 1961-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘படகு’ என்ற காகித வெட்டுப் படம் 47 நாள் தலைகீழாகவே தொங்கியது. பாய்மரம் எது, தண்ணீரில் விழும் அதன் நிழல் எது என்று மாட்டியவர்களுக்கே பிடிபடவில்லை, கடைசியில் பார்க்க வந்த ஒரு பெண்மணிதான் சொன்னார். டச்சு ஓவியர் மோந்திரியான் 1941-இல் வண்ண டேப்புகளை ஒட்டிச் செய்த ஒரு படம் 75 வருஷத்துக்கும் மேலாகத் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்று 2022-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். சரி, உடனே திருப்பினார்களா? இல்லை. டேப்பெல்லாம் பழசாகி ஒரு இழையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இப்போது திருப்பினால் உதிர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

உங்கள் படத்தில் ஓவியரின் கையெழுத்து இருந்தால் அது பெரும்பாலும் கீழ் ஓரத்தில் இருக்கும். இல்லையென்றால் ஆணி அடிப்பதற்கு முன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அடர்த்தியான நிறம் கீழே வந்தால் படம் உட்கார்ந்த மாதிரி இருக்கும், மேலே போனால் தலைக்கு மேல் எதையோ தூக்கி வைத்த மாதிரி இருக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். ரஷ்ய ஓவியர் கந்தின்ஸ்கி ஒருநாள் அந்தி நேரத்தில் வீடு திரும்பியபோது சுவரோரம் அற்புதமான ஒரு படத்தைப் பார்த்துத் திகைத்துப் போனாராம். கிட்டே போனால் அது அவரே வரைந்தது, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்திருக்கிறது!

எந்தப் பக்கம் மேலே என்பதைவிட எவ்வளவு உயரத்தில் என்பதுதான் நம் வீடுகளில் உண்மையான சிக்கல். தாத்தா பாட்டி படத்துக்கு மாலை போட்டு நிலைக்கு மேலே சாய்வாக மாட்டிப் பழகிய கை, எதையும் அங்கேயே ஏற்றிவிடும். வெறும் சுவர் என்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குலத்தில் வரட்டும். சோபாவுக்கு மேலே என்றால் சோபா முதுகுக்கும் பிரேமுக்கும் இடையே 6 முதல் 8 அங்குலம் போதும், படத்தின் அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம் ஒன்று, சோபாவில் உட்கார்பவருக்கு அந்தப் படம் தெரியவே தெரியாது. எதிர் நாற்காலி மாமனாருடையது என்றால், பேசாமல் அவர் சொல்கிறபடியே மாட்டிவிடுங்கள்.

கேள்வி: கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதை 2 அடிக்கு 3 அடியாகப் பிரிண்ட் எடுத்து பிரேம் போடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தின் நீளமான பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சல்தான். அங்குலத்துக்கு 150 பிக்சலாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பத்து, பதினோரு அங்குலத்தோடு சரி. மூன்றடிக்கு இழுத்தால், அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம் போலவும் எந்த மொழி என்றே தெரியாத எழுத்து போலவும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாரே, அதுதான் முதலில் கலங்கிப்போகும். அது போய்விட்டால் பணிக்கரில் மிச்சம் என்ன? அதோடு, நம் நாட்டில் ஓவியர் இறந்தபின் 60 வருஷத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அவர் காலமானது 1977-இல், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மோந்திரியான், கந்தின்ஸ்கி இருவரும் 1944-இல் போய்விட்டார்கள், அந்தக் கவலை இல்லை. பெரிய அளவுக் கோப்பு கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சென்னைப் பக்கம் வந்தால், 1966-இல் பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள், ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: போன வருஷம் மாட்டிய பிரிண்டில் கண்ணாடிக்கு உள்ளே பழுப்புப் புள்ளிகள். துடைக்கவும் முடியவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அது பெரும்பாலும் பூஞ்சை. பாதித் தப்பு சுவருடையதாக இருக்கலாம். என் வீட்டில் பாத்ரூமை ஒட்டிய சுவரில் மாட்டிய படத்துக்கு இதே கதி, ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. கழற்றிப் பார்த்தால் பின்னால் வெறும் அட்டை, ஓதம் ஏறிப் பொதபொதவென்று ஊறிக் கிடக்கிறது, காகிதம் நேராகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, போதாததற்கு ஓரத்தில் ராமபாணப் பூச்சி வேறு.

மறுபடி பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை ஓரம்) வைக்கச் சொல்லுங்கள், அது அமிலம் இல்லாத அட்டையாக இருக்கட்டும். பின்பக்க இடுக்குகளைச் சுற்றிலும் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும், இதற்குப் பெரிய செலவில்லை. வெயில் நேரே விழும் சுவரும் வேண்டாம்: சலூன் கடையில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து நீலம் மட்டும் மிஞ்சிய ஹேர்ஸ்டைல் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். பிரிண்ட் எடுக்கும்போதே ‘பிக்மென்ட் இங்க்கா’ என்று கேட்டுவிடுங்கள், நிறமித் துகள் கலந்த அந்த மை அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது.

இப்போது இருக்கும் படத்தை வெயிலில் காய வைக்காதீர்கள், வளைந்துவிடும். பிரேமைக் கழற்றி நிழலில் காற்றாட வையுங்கள். புள்ளி போகாது, பரவுவது நிற்கும். அரூப ஓவியம்தானே, வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.