உருளைக்கிழங்கு விலைக்கு ஒரு முத்திரை

தபால் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், தென் அத்லாந்திக் நடுவில் இருக்கும் பிரித்தானியத் தீவான ட்ரிஸ்டன் டா குன்ஹாவிலிருந்து எனக்கு வந்த கவரின் படத்தைப் போட்டாலும் போட்டார் ஆசிரியர், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீவுத் தபாலைப் பற்றித்தான். பதிவுத் தபால், காசுக் கட்டளை பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும். ஓய்வு பெற்ற ஒரு தபாலதிபருக்குத் தீவுக் கவரைப் பற்றிப் பேச இடம் கிடைத்தால் சும்மா விடுவாளா?

*அன்ரி, லண்டனில் இருக்கும் பெரியப்பா, கப்பலில் போன ஒரு சிநேகிதரைப் பிடித்து ட்ரிஸ்டன் டா குன்ஹாவிலிருந்து எனக்கு ஒரு கவர் போட வைத்தார். முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி அல்பத்தில் ஒட்டலாமா?*
— தரம் 9 மாணவன், வாழைச்சேனை

கையை எடு தம்பி! முதலில் அந்தத் தண்ணீர்க் கோப்பையை அடுக்களைக்குத் திருப்பி அனுப்பு.

ட்ரிஸ்டன் முத்திரை வேண்டுமென்றால் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். உன் பெயரும் வாழைச்சேனையும் எழுதி, அந்தத் தீவுக் கந்தோரில் சீல் விழுந்து, கடல் தாண்டி வந்த கவர் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. முத்திரையைக் கழற்றினால் சீலில் பாதி அதோடு போகும், மீதி கடதாசியில் நிற்கும். இரண்டும் ஒன்றுக்கும் உதவாது.

என் கவரை எடுத்துக்கொள். வலது மூலையில் சிங்க இறால் படம் போட்ட முத்திரை. அந்த இறாலைப் பிடித்து ஏற்றுமதி செய்துதான் தீவுச் சனம் பிழைக்கிறது. முத்திரையின் மேல் பாதியும் கவரில் பாதியுமாக வட்டச் சீல், உள்ளே தீவின் பெயர், மாசி மாதத் திகதி. கவரைத் திருப்பினால் எங்கள் கந்தோரின் சீல், அதில் வைகாசி. இந்த இரண்டு சீலுக்கும் இடையில் நடந்ததுதான் கதை. அங்கே விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து கப்பல் போய்ச் சேர ஒரு வாரம் பிடிக்கும், அந்தக் கப்பலும் வருடத்துக்குச் சில தடவைதான். கடல் கொந்தளித்தால் துறைக்கு வெளியே நின்று காத்துக்கிடக்கும். கடிதம் எழுதியவர் எழுதிவிட்டார். அப்புறம் அது தபால் மூட்டைக்குள் கிடந்து கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

தீவில் இருநூற்றுச் சொச்சம் பேர், ஒரே ஒரு ஊர். ஊரின் பெயர் ஏழு கடல்களின் எடின்பரோ. ஸ்கொட்லாந்தின் தலைநகருக்கும் எடின்பரோ என்றுதான் பெயர், அதைப் பார்த்து அங்கே அனுப்பிவிடுகிற தொல்லையும் இருந்தது. 2005-இல் பிரித்தானியா டி.டி.சி.யூ. 1இசட்.இசட். என்று தனித் தபால் குறியீடு கொடுத்தது. உன் கவரில் அனுப்புநரின் தீவு முகவரி இருந்தால் பார், அந்தக் குறியீடும் இருக்கும்.

அந்தத் தீவுக்கு முதலில் சொந்த முத்திரை இல்லை. 1946-இல் அலன் க்ரோஃபோர்ட் என்பவர் சில மாதிரிகளை வரைந்தார். தீவில் காசுப் புழக்கமே இல்லாத காலம். அதனால் ஒரு பென்னி மாதிரியில் 'நான்கு உருளைக்கிழங்கு' என்றும் விலை போட்டார். மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை. 1952-இல்தான் அத்லாந்திக்கில் உள்ள இன்னொரு பிரித்தானியத் தீவான சென்ட் ஹெலினாவின் முத்திரைகளின் மேல் தீவின் பெயரை அச்சடித்து முதல் முத்திரைகள் வந்தன. 1961-இல் எரிமலை வெடித்து முழுச் சனத்தையும் இங்கிலாந்துக்கு ஏற்றிப் போனார்கள். அங்கே வீடும் வேலையும் கிடைத்தும் பெரும்பாலானோர் 1963-இல் திரும்பிவிட்டார்கள். அந்த வருடமே மீள்குடியேற்றம் என்று அச்சடித்த முத்திரை வெளிவந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய நம் ஊர்ச் சனத்துக்கு அந்த முத்திரையை விளக்கத் தேவையில்லை.

*நானும் இப்படிக் கவர் பெற விரும்புகிறேன். கப்பலில் போக ஆளும் இல்லை. வழி உண்டா அக்கா?*
— ஆசிரியர், கல்முனை

உண்டு சேர். உங்கள் முகவரியை எழுதிய வெறும் கவரை இன்னொரு கவருக்குள் வைத்து, அந்தத் தீவின் தபாலதிபருக்கு நாலு வரியில் மரியாதையாக ஒரு கடிதத்தோடு அனுப்புவதுதான் பழைய முறை. இலங்கை முத்திரை அங்கே செல்லாது, அந்தத் தீவின் முத்திரைதான் ஒட்ட வேண்டும். அதன் காசை எப்படி அனுப்புவது என்பதில்தான் சிக்கல். முன்பு சர்வதேசப் பதில் கூப்பன் என்று ஒன்று சுலபமாகக் கிடைத்தது. இங்கே வாங்கி வைத்தால் அங்கே கொடுத்து முத்திரை எடுப்பார்கள். 2011 முடிவோடு பிரித்தானியாவும் 2013-இல் அமெரிக்காவும் விற்பதை நிறுத்திவிட்டன. கவருக்குள் டொலர் நோட்டை மடித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வேலை பார்த்தவள், வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். பல தீவுகளின் முத்திரைப் பிரிவு வெளிநாட்டு அட்டையில் காசு எடுக்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு மருமகன் இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது? அவர் தலையில் கட்டுங்கள்.

சில தீவுகளின் முத்திரை விற்பனை வேறு நாட்டு முகவர்கள் கையில் இருக்கிறது. அவர்களிடம் வாங்கும் முதல்நாள் உறை, அதாவது முத்திரை வெளியான நாளின் சீலோடு விற்கும் கவர், அழகாக இருக்கும், ஆனால் தீவின் மண்ணையே மிதித்திருக்காது. எனக்கு அது வேண்டாம். மூலை மடங்கி, சீல் கோணலாக விழுந்து வந்தாலும் தபாலில் வந்ததுதான் எனக்குக் கவர்.

இன்னொரு சின்ன விஷயம். நம் மாரிகாலத்து ஈரத்துக்கு வெறும் கவரின் பசை தானாக ஒட்டிக்கொள்ளும். தீவுத் தபாலதிபர் கையில் வாய் மூடிய கவர் போய்ச் சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? மடிப்புக்குள் எண்ணெய்த்தாள் துண்டு ஒன்றை வைத்து அனுப்புங்கள். முகவரியின் கடைசி வரியில் நாட்டின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

*இணையத்தில் டியேகோ கார்சியா முத்திரை ஒட்டிய கவர் என்று விற்கிறார்கள். நல்ல சரக்கா?*
— வியாபாரி, காத்தான்குடி

எந்த வருடத்துக் கவர் என்று முதலில் பாருங்கள் நானா. டியேகோ கார்சியா அடங்கிய தீவுக் கூட்டத்துக்குப் பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம் என்ற பெயரில் முதல் முத்திரைகள் 1968-இல் வந்தன, சீஷெல்ஸ் முத்திரையின் மேல் எழுத்தடித்து. அதே காலத்தில்தான் அந்தத் தீவுகளின் சனத்தை அங்கிருந்து அகற்றத் தொடங்கினார்கள், 1973-க்குள் அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. சொந்தச் சனம் இல்லாத, இராணுவத் தளம் மட்டும் உள்ள இடத்தின் பெயரில் அதற்குப் பிறகும் சேகரிப்பாளருக்கென்று முத்திரைகள் அச்சாகின. 2021 ஓகஸ்டில் உலகத் தபால் ஒன்றியம் அந்த முத்திரைகளை இனி ஏற்பதில்லை, அந்தத் தீவுகளுக்கு உரிமை கோரும் மொரிஷியஸின் முத்திரைதான் அங்கே என்று முடிவெடுத்தது. ஆகவே அதற்குப் பிந்தியதைத் தபால் கவர் என்று நான் வாங்க மாட்டேன். பழையது, உண்மையில் பயணித்தது என்றால் அது வேறு.

அந்தத் தீவின் பெயர் நமக்கு முத்திரையால் தெரியவந்ததல்ல. 2021-இல் படகில் போன நம் தமிழ்ச் சனம் அங்கே கரையேற்றப்பட்டு, கூடாரங்களில் வருடக்கணக்காகக் கிடந்து, 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குப் போனார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஏதாவது கவரோடு எவரிடமாவது இருந்தால், அதைத்தான் நான் பத்திரப்படுத்தச் சொல்வேன். விற்கவல்ல.

*உங்களிடம் உள்ளதில் உங்களுக்கு மிகப் பிடித்த கவர் எது?*
— வாசகி, அக்கரைப்பற்று

தகரப்பேணித் தபால்! கேட்டதற்கு நன்றி, இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன்.

பசிபிக் சமுத்திரத்தில் உள்ள டொங்கா நாட்டின் வடகோடியில் நியுவாஃபோஊ என்று ஒரு தீவு. எரிமலைத் தீவு, சுற்றிவரக் கருங்கல் கரை, கப்பல் ஒதுங்கத் துறை இல்லை. 1882 அளவில் அங்கே இருந்த வில்லியம் ட்ராவர்ஸ் என்ற வெள்ளையருக்குக் கடிதம் வேண்டும். கப்பலோ நிற்காது. கடிதங்களைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடிக் கடலில் எறியுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று ஏற்பாடு செய்தார். தீவின் நீச்சல்காரர்கள் ஒரு கட்டையைப் பிடித்து மிதந்துகொண்டு கப்பல்வரை போவார்கள். அனுப்பும் கடிதங்களை எண்ணெய்த்தாளில் சுற்றி, ஒரு கம்பு நுனியில் கட்டித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நீந்துவார்கள். கல்லடிக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் அலைக்குள் தோணி இறக்குகிறவர்களைக் கேளுங்கள், அது என்ன வேலை என்று சொல்வார்கள். 1931-இல் நீச்சல்காரர் ஒருவரைச் சுறா கொன்றது. அதன் பிறகு நீந்தத் தடை வந்து, வள்ளத்தில் போனார்கள்.

க்வென்செல் என்ற ஜெர்மானிய வியாபாரி அங்கே கடை வைத்திருந்தார். நல்ல மூளை. கரைக்கு வரும் கவர்களின் மேல் 'தகரப்பேணித் தபால்' என்று தானே செய்த ரப்பர் சீலைக் குத்தினார். ஒரு மொழி போதாதென்று பல மொழிகளில் சீல் செய்தார். 1930-களில் சுற்றுலாக் கப்பல்கள் இதற்காகவே அந்தத் தீவுப் பக்கம் திரும்பின. பயணிகள் கப்பலில் இருந்தே தங்களுக்குத் தாங்களே கவர் போட்டார்கள். என்னிடம் உள்ளது அந்தக் காலத்தது. முன்பக்கத்தில் முகவரிக்கு இடமே இல்லை, ஊதாவும் பச்சையும் சிவப்புமாகச் சீல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. எங்கள் கந்தோரில் ஒரு கவரை இப்படிக் குத்தி அனுப்பியிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

சேகரிப்பாளருக்காகச் செய்ததுதானே, நீ சொன்ன 'உண்மைக் கவர்' எங்கே என்று கேட்பீர்கள். இதுவும் கடலில் எறியப்பட்டு, ஆள் போய் எடுத்து வந்த கவர்தான். எனக்கு அது போதும். 1946-இல் எரிமலை வெடித்து அந்தத் தீவையும் காலி செய்தார்கள், 1958-இல்தான் திரும்பினார்கள். 1983-இலிருந்து அதற்குத் தனி முத்திரையே வருகிறது.

*தூரத் தீவுகளில் நம் நாட்டோடு தொடர்புள்ளது எது?*
— பல்கலைக்கழக மாணவி, சாய்ந்தமருது

இந்து சமுத்திரத்தில் உள்ள கொக்கோஸ் தீவுகள், மகள். இப்போது அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தம், தபால் குறியீடு 6799. இரண்டாம் உலகப் போரின்போது நிர்வாகம் இலங்கையிலிருந்து நடந்தது. காவலுக்கு நிறுத்தப்பட்டது இலங்கைப் பீரங்கிப் படை. 1942 மே மாதம் ஒரு இரவு அவர்களில் சிலர் கிளர்ந்தெழுந்தார்கள். கலகம் அடங்கிய பின் கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். கொக்கோஸுக்கு 1963-இல் சொந்த முத்திரை வந்தது. அங்கே ஹோம் தீவில் வாழ்கிறவர்கள் மலாய் முஸ்லிம்கள். அங்கிருந்து ஒரு கவர் பெறுவது மற்றத் தீவுகளைவிடச் சுலபம், விமானம் போகிறது.

*கல்லடியில் கடலோரம் வீடு. கவர்களில் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?*
— வாசகர், கல்லடி

லமினேட் செய்யாதீர்கள். மெத்தென்ற பீ.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து மையை இழுத்துவிடும். கவர்களைப் படுக்க அடுக்கிப் பாரம் வைக்காமல், பெட்டியில் நிமிர்த்தி நிறுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலில் திறந்து வையுங்கள், வெயிலில் வேண்டாம். சுவரோடு ஒட்டிய அலுமாரியில் கறையானும் இராமபாணப் பூச்சியும் வரும், ஒரு சாண் தள்ளி வையுங்கள். பாச்சை உருண்டை போடுவதென்றால் கடதாசியில் படாமல். பெட்டி மேல் தட்டில் இருக்கட்டும். சுனாமிக்குப் பிறகு இதை உங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

*பிட்கேர்ன் தீவுக் கவருக்கு என்ன விலை போகும்?*
— வாசகர், பொத்துவில்

பெரிதாகப் போகாது. விற்க என்று சேர்ப்பதானால் வேறு சாமான் சேருங்கள். ஆனால் 1940-இல் முதல் முத்திரை வெளியிட்டு, அதை விற்ற காசில் பள்ளிக்கூடம் கட்டிய பசிபிக் தீவு அது. இப்போது அங்கே ஐம்பது பேர்கூட இல்லை.

*மகன் சரக்குக் கப்பலில் வேலை. தீவுகளைக் கடந்து போகிறான், இறங்க முடியாது. கப்பலில் இருந்தே எனக்குக் கவர் போடலாமா தங்கச்சி?*
— தாய், பெரியகல்லாறு

போடலாம் அக்கா. நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாட்டு முத்திரையை ஒட்டி, அடுத்த துறைமுகத்தில் தபாலில் கொடுக்கலாம். அங்கே 'பாக்கெபோ' என்று, கப்பலில் போட்ட தபால் என்பதைக் காட்டும் சீல் குத்துவார்கள். ஒரு நாட்டு முத்திரை, இன்னொரு நாட்டுச் சீல், இரண்டும் ஒரே கவரில்! சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிற சாமான். எல்லாத் துறைமுகக் கந்தோரிலும் இப்போது அந்தச் சீல் கிடையாது, கப்பல் முகவரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். கப்பலின் பெயரைக் கவரின் இடப்பக்கம் எழுதட்டும். ஜெல் பேனை வேண்டாம், பலவற்றின் மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். போல்பொயின்ற் பேனையால் எழுதட்டும்.