வயிறு உப்பிய தெருப்பூனை: சினையா, நோயா?

வீட்டுப் பிராணிகள் பற்றி வரும் கடிதங்களில் வடசென்னை வாசகர்களின் கேள்விகள் சிலவற்றை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். எல்லாமே தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த பெண் பூனைகளைப் பற்றியவை.

மீன்பிடித் துறைமுகத்தில் வலைக் குவியல் பக்கம் நாய்கள் துரத்திய ஒரு மூவண்ணப் பூனையைத் தூக்கி வந்து நான்கு நாள் ஆகிறது. உடம்பு எலும்பும் தோலும்தான். வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது. குட்டி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, காசிமேடு

இன்றைக்கே காம்புகளைப் பாருங்கள். பூனையைத் தடவிக் கொடுத்தபடி, அது ஒருக்களித்துப் படுக்கும்போது பார்த்தால் போதும். காம்பைச் சுற்றி முடி நக்கி நக்கிப் படிந்து, காம்பு நீண்டு, தொட்டால் பால் கசிகிறது என்றால் அது ஏற்கெனவே குட்டி போட்ட தாயாக இருக்கலாம். குட்டிகள் வலைக்கு அடியிலோ, கவிழ்த்த படகுக்கு அடியிலோ, மீன் பெட்டி அடுக்குக்குப் பின்னாலோ பசியோடு கிடக்கும். பிறந்து ஒரு வாரம் ஆகாத குட்டி ஒரு நாள் பால் இல்லாமல் தாங்குவதே கடினம். அப்படி இருந்தால் பூனையை எடுத்த அதே இடத்தில் விட்டு, சற்றுத் தள்ளி நின்று எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு தாயையும் குட்டிகளையும் சேர்த்தே கொண்டு வரலாம். நான்கு நாள் ஆகிவிட்டாலும் போய்த் தேடுங்கள்; குட்டி சற்று வளர்ந்ததாக இருந்தால் உயிரோடு கிடைக்க வாய்ப்பு உண்டு. நல்லெண்ணத்தில் தாயை மட்டும் தூக்கி வந்து குட்டிகளைப் பறிகொடுப்பது அடிக்கடி நடக்கிறது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறோம்.

பால் இல்லை, காம்பு மட்டும் சற்றுப் பெருத்து ரோஜா நிறமாகி, சுற்றிலும் முடி குறைந்திருக்கிறது என்றால் சினை என்று சந்தேகிக்கலாம். இந்த மாற்றம் சினைப்பட்ட மூன்றாவது வாரத்தில் தெரியும். ஐந்தாவது வாரத்தில் வயிறு கண்ணுக்குத் தெரிய இருபுறமும் சரிந்து பெருக்கும். ஏழாவது வாரத்தில், பூனை அசையாமல் படுத்திருக்கும்போது விலாவுக்குக் கீழே குட்டிகள் நெளிவதைப் பார்க்கலாம். மொத்தக் காலம் 63 முதல் 65 நாள். ஓரிரு நாள் முன்பின் ஆகும். வீட்டுக்குள் கடுவன் (ஆண் பூனை) அண்டாமல் அடைத்து வைத்த நாளிலிருந்து 70 நாள் கடந்தும் குட்டி போடவில்லை என்றால் அது பெரும்பாலும் சினையாக இருக்காது.

நீங்கள் எழுதியதில் கவலை தருவது, முதுகெலும்பு துருத்த வயிறு மட்டும் பெருத்திருப்பது. குடற்புழு நிறைந்தால் அப்படி ஆகும். குறிப்பாக இளம் பூனைக்கு. வயிற்றில் நீர் கட்டினாலும் அப்படித்தான் தெரியும். கருப்பையில் சீழ் கட்டுவது இன்னும் ஆபத்து: அடிக்கடி தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, பின்புறம் நாற்றமுள்ள கசிவு இருக்கலாம், வாய் மூடிய கருப்பையாக இருந்தால் கசிவே இருக்காது. இதற்குப் பெரும்பாலும் அறுவைதான் வழி, அதுவும் உடனே. அதனால் காம்பு நிறத்தை மட்டும் நம்பி இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள்.

வயிற்றை அமுக்கிக் குட்டியை எண்ணிப் பார்க்கவே கூடாது. அழுத்தினால் கரு சிதையும். 25 நாளுக்கு மேல் ஸ்கேனில் குட்டியின் இதயத் துடிப்பே தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண எக்ஸ்ரேதான் சரி. அதற்கு எலும்பு இறுக வேண்டும், 45 நாள் கடந்த பிறகு எடுங்கள். எண்ணிக்கை தெரிந்தால், குட்டி போடும் இரவில் ஒன்று உள்ளே தங்கிவிட்டதா என்ற குழப்பம் இருக்காது. உங்களுக்குப் பக்கம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே போய்விடுங்கள்.

கொண்டு போகும்போது கோணிப்பை வேண்டாம், மூச்சுத் திணறும். காய்கறி பிளாஸ்டிக் கிரேட் இரண்டை எதிரெதிராகக் கவிழ்த்து நான்கு மூலையிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் நல்ல கூண்டு ஆகும். அடியில் பழைய துணி, மேலே மெல்லிய துப்பட்டா. இருட்டாக இருந்தால் ஆட்டோ சத்தத்துக்கு அவ்வளவாக மிரளாது.

சினைப் பூனைக்கு என்ன கொடுக்கலாம்? வீட்டில் பால் சோறும் மீன் செதிலும் குடலும்தான் போடுகிறோம். புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து கொடுக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பாலை நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். சினைப் பூனைக்கு அது உடம்பில் நீரை வற்றச் செய்யும். பச்சை மீன் கழிவும் வேண்டாம். நெத்திலி, கவலை போன்ற மீன்கள் சிலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. வாரக்கணக்கில் பச்சையாகத் தின்றால் தள்ளாடி நடக்கும், தலை கீழ்நோக்கி மடங்கும். வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். உப்பு, மஞ்சள், மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்துப் போடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த சிவப்பணுவை உடைக்கும். குழம்பு மீனைக் கழுவிப் போட்டாலும் ஆகாது. கருவாட்டில் உப்பு அதிகம். மீனே முழு உணவாகவும் இருக்கக் கூடாது. வேகவைத்த கோழிக்கறி, கோழி ஈரல் (வாரம் இரண்டு முறை, ஒரு சிறு துண்டு), முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வேகவைத்த கோழி எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கட்டுப்படியானால் குட்டிப் பூனைகளுக்கென்று விற்கும் உலர் தீனியே தாய்க்கும் நல்லது, சத்து அடர்த்தி அதில் அதிகம். 3 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம், நான்கைந்து வேளையாகப் பிரித்து. கடைசி இரண்டு வாரத்தில் குட்டிகள் இரைப்பையை நெருக்கும், ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. குட்டி போட்ட பிறகு தேவை இரண்டு மடங்குக்கும் மேலே போகும். அப்போது தீனியைக் கிண்ணத்தில் எப்போதும் வைத்துவிடலாம். பட்டினி கிடந்து வந்த பூனைக்கு முதல் மூன்று நாள் மட்டும் அளவாகக் கொடுங்கள். நாய்த் தீனி வேண்டாம். பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும், குட்டிகள் வயிற்றிலேயே பலவீனப்படும்.

புழு மருந்தில் பைரன்டல், ஃபென்பென்டசால் இரண்டும் சினையிலும் கொடுக்கக் கூடியவை. அளவை எடை பார்த்து மருத்துவர் எழுத வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கான சொட்டு மருந்தை ஒருபோதும் தொடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையை வலிப்பில் தள்ளிக் கொன்றுவிடும். நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் தினமும் வாரி, சீப்பைச் சோப்பு நீரில் முக்குங்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். காய்ச்சல் மாதிரித் தெரிந்தால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கால் மாத்திரைகூடப் பூனைக்கு விஷம். தரை துடைக்கக் கறுப்பு ஃபினைல் வேண்டாம்; பாதத்தில் ஒட்டியதை நக்கி உள்ளே இறக்கிக்கொள்ளும்.

மருமகள் நான்கு மாத கர்ப்பம். இந்த நேரத்தில் சினைப் பூனை ஒன்று மாடிப்படிக்கு அடியில் வந்து தங்கியிருக்கிறது. துரத்திவிடச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை. வைத்துக்கொள்வது ஆபத்தா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

துரத்த வேண்டாம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு கர்ப்பமும் ஒரே வீட்டில் நல்லபடியாக முடியும். பயப்பட வேண்டியது டாக்சோபிளாஸ்மா கிருமிக்கு, அது பூனையின் மலத்தில் வரும். ஆனால் மலம் விழுந்தவுடன் தொற்றாது. முதிர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். எனவே மலத்தட்டைத் தினமும் காலையில் ஒருமுறை நீங்கள் சுத்தம் செய்தால் பெரும் ஆபத்து நீங்கிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோப்பால் கை கழுவுங்கள். மருமகள் அந்தத் தட்டையும் தோட்ட மண்ணையும் தொட வேண்டாம். அதே கிருமி சரியாக வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும் வரும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பூனையை விரட்டிவிட்டு இதை மறந்தால் பயன் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பூனையின் காதோரம், முகம், காலில் வட்டவட்டமாக முடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படர்தாமரையாக இருந்தால் மனிதருக்கும் ஒட்டும்.

பூனை கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். கர்ப்பிணிக்கும் அந்த ஊசி போடலாம். பூனைதானே என்று விட்டுவிடக் கூடாது.

எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பூனை இந்த வாரம் குட்டி போடும் போலிருக்கிறது. இடம் எப்படி அமைப்பது? இரவில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், எண்ணூர்

ஷீட்டுக்கு நேர் கீழே பரணில் வைக்காதீர்கள். பகலில் அங்கே சூடு தாங்காது. கட்டிலுக்கு அடியில், சுவரோரம், நடமாட்டம் குறைந்த மூலை போதும். இரண்டடிக்கு ஒன்றரை அடி அட்டைப் பெட்டி, முன்பக்கம் ஐந்து அங்குல விளிம்பு விட்டு வாசல் வெட்டுங்கள். அந்த விளிம்புதான் குட்டிகள் உருண்டு வெளியே வராமல் தடுக்கும். அடியில் தடிமனாகச் செய்தித்தாள், மேலே பழைய காட்டன் புடவை அல்லது வேட்டி. நூல் வளையம் உள்ள துண்டு வேண்டாம், நகம் மாட்டும். மேலே பாதி மூடி இருட்டாக்குங்கள். ஒரு வாரம் முன்னதாகவே வைத்தால்தான் பூனை தன் இடம் என்று ஏற்றுக்கொள்ளும், இல்லையென்றால் துணி அலமாரிதான். மலத்தட்டில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள். மலத்தட்டுக்கென்று கடையில் விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் மண்ணை (கேட் லிட்டர்) குட்டிகள் தின்றால் அது வயிற்றை அடைக்கும். கடற்கரை மண் வேண்டாம். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வரும் வீடு என்றால் பெட்டியை உயரமான பெஞ்சில், விளிம்புக்குத் தடுப்பு கட்டி வையுங்கள்.

நேரம் நெருங்கினால் சாப்பாட்டை ஒதுக்கும், பெட்டிக்குள் போவதும் வருவதுமாக இருக்கும், துணியைப் பிறாண்டும். இது 12 முதல் 24 மணி நேரம் நீடிக்கலாம். முக்கத் தொடங்கியபின் அரை மணிக்குள் முதல் குட்டி வர வேண்டும். அடுத்தடுத்த குட்டிகளுக்கு இடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி வரை ஆகும். பின்கால் முதலில் வருவது பூனையில் சகஜம்.

மின்விசிறி நேரே படாமல், விளக்கைக் குறைத்து, தள்ளி உட்காருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டாதீர்கள். மிரண்டால் வலியை நிறுத்திக்கொள்ளும், குட்டியைக் கவ்விக்கொண்டு வேறிடம் தேடும். பெரும்பாலும் நீங்கள் கை வைக்க வேண்டியிருக்காது. தாய் ஒரு நிமிடத்தில் பனிக்குடத்தைக் கிழிக்கவில்லை என்றால் மட்டும் குட்டியின் மூக்கருகே விரலால் கிழித்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, உலர்ந்த துணியால் முதுகை அழுத்தித் தேயுங்கள், கத்தும் வரை. தொப்புள் கொடியைத் தாய் கடிக்கவில்லை என்றால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் கொதிநீரில் போட்டெடுத்த கத்தரியால் வெட்டுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி விழும். தாய் தின்றுவிடும், தடுக்க வேண்டாம், எண்ணிக்கொண்டால் போதும்.

அரை மணி பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, பாதி வந்த குட்டி பத்து நிமிடம் அப்படியே நிற்கிறது, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது, புது ரத்தம் நிற்காமல் வருகிறது – இதில் ஒன்று நடந்தாலும் உடனே மருத்துவமனை. இழுக்காதீர்கள். மருந்துக் கடையில் சொல்லி, வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது பெரும் தவறு. குட்டி அடைத்திருந்தால் கருப்பையே கிழியும். பணத்தையும் ஆட்டோக்காரர் எண்ணையும் முன்பே தயாராக வைத்திருங்கள்.

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள், நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரு நாள் கூடவில்லை என்றாலே அந்தக் குட்டியைத் தனியாகக் காம்பில் பிடித்து வையுங்கள். உடம்பு சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் ஊட்டக் கூடாது, செரிக்காமல் செத்துவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றிய பிறகே ஊட்ட வேண்டும், அதுவும் குப்புறப் படுக்க வைத்து. மல்லாத்தி ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும்.

முதல் நான்கு வாரம் தாயையும் கவனியுங்கள். மடி கல்லாகிச் சுட்டால் பால் கட்டியிருக்கிறது. கைகால் விறைத்து நடுங்கினால் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) இறங்கிவிட்டது, அதை மணிக்கணக்கில் தள்ளிப்போட முடியாது. சினைக் காலத்திலேயே நீங்களாகக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் இந்த ஆபத்து கூடும், குறையாது.

சினையோடு இருக்கும் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். பாவம் இல்லையா? எப்போது செய்வது?
– வாசகி, வியாசர்பாடி

செய்ய முடியும். ஆரம்ப வாரங்களில் என்றால் சாதாரண ஆபரேஷனை விடச் சற்றே கடினம், அவ்வளவுதான். போகப்போகக் கருப்பை ரத்தக்குழாய்கள் பருத்து, ரத்தப்போக்கு ஆபத்து கூடும். எங்கள் கருத்து இது: மூன்று, நான்கு வாரத்துக்குள் என்று ஸ்கேனில் தெரிந்து, பிறக்கும் குட்டிகளுக்கு வீடு கிடைக்கும் வழி இல்லை என்றால் தயங்காமல் செய்யுங்கள். தெருவில் பிறக்கும் குட்டிகள் வண்டிச் சக்கரத்திலும் நாய் வாயிலும் போவதை உங்கள் பகுதியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதைத் தடுப்பது பாவம் ஆகாது. குட்டி நெளிவது தெரியும் நிலையில் இருந்தால், பெற்றெடுக்க விடுங்கள். கருக்கலைப்புக்கென்று மனிதர் மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம்.

பெற்ற பிறகு, குட்டிகள் எட்டாவது வாரத்தில் பால் மறந்து, மடி வற்ற இரண்டு வாரம் விட்டு ஆபரேஷன். அதுவரை கதவையும் ஜன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் பூனை சினைப்படாது என்ற நம்பிக்கை தவறு, குட்டி போட்ட சில வாரத்திலேயே மறுபடியும் பருவத்துக்கு வரும். நம் ஊர் வெயிலுக்கு ஆண்டு முழுவதும் அதற்குப் பருவம்தான். பெண் குட்டிகளும் நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும்.

குட்டிகளை எப்போது பிறருக்குக் கொடுக்கலாம்?
– வாசகர், ராயபுரம்

எட்டு வாரத்துக்கு முன் வேண்டாம், பத்து வாரம் இன்னும் நல்லது. இரண்டாவது வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை என 16 வாரம் வரை திரும்பவும். 12 வாரத்தில் வெறிநோய் ஊசி. சினையாக இருக்கும் தாய்க்கு மட்டும் உயிருள்ள கிருமித் தடுப்பூசி போடக் கூடாது, வயிற்றுக் குட்டிகளின் சிறுமூளை வளராமல் போகும். சினை என்ற சந்தேகம் இருந்தாலும் ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். குட்டி கொடுக்கும்போது ஊசி போட்ட தேதிச் சீட்டையும், அது தின்று பழகிய தீனியில் ஒரு வாரத்துக்கு வேண்டியதையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். தீனியைத் திடீரென மாற்றினால் புது வீட்டில் முதல் வேலையே வயிற்றுப்போக்காகிவிடும்.