கிட்டார் மேஜை: பழைய இதழ்கள் பற்றி வாசகர் கேள்விகள்

1967-ல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் தொடங்கிய 'கிட்டார் பிளேயர்' இதழ் 2024-ஓடு அச்சை நிறுத்திக்கொண்டது. பரணில் கிடந்த பழைய கட்டுகளை இறக்கித் தூசி தட்டுகிறவர்களுக்காக இந்த மாத மேஜை முழுக்க அந்த இதழ்களுக்கே.

ஏற்காட்டில் அப்பா விட்டுப்போன கிட்டார் இதழ்கள் நாற்பது சொச்சம் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. சிலவற்றில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஆவி காட்டினால் பிரியுமா சார்? மீதியை பைண்டு செய்துவிடலாமா?
— லேடீஸ் சீட் சாலை, ஏற்காடு

ஆவி காட்டவே காட்டாதீர்கள். வழவழப்பான தாளின் மேல் வெள்ளைக் களிமண்ணும் பசையும் கலந்த பூச்சு இருக்கிறது. நனைந்தால் அந்தப் பூச்சே கோந்தாகிவிடும். ஒருமுறை ஒட்டிக் காய்ந்த பக்கத்தை ஆவியில் பிரித்தால் மை எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை மூலையில் நுழைத்துப் பாருங்கள். நகர்ந்தால் நல்லது, நகராவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

காப்பாற்ற முடிவது நனைந்த அன்றைக்குத்தான். கூரை ஒழுகி இதழ் நனைந்தால் காய்வதற்குள் ஒவ்வொரு தாளுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வெயில் கூடாது. நிறைய நனைந்துவிட்டதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும்வரை ஒட்டாது. தினம் இரண்டு மூன்றாக எடுத்து இதே வேலையைச் செய்யலாம்.

பைண்டிங் வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி. கட்டிங் மெஷினில் மூன்று ஓரமும் வெட்டுப்படும். பக்கவாட்டில் தைத்தால் நடு ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். டேப் நோட்டேஷனின் (எந்தக் கம்பியை எங்கே அழுத்துவது என்று எண்ணால் காட்டும் குறிப்பு) கடைசி வரியும் சர்க்யூட் படத்தின் கடைசி ரெசிஸ்டரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மைதா பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. அதைத் தடுக்க மயில்துத்தம் கலப்பார்கள், ஆனால் அதிலுள்ள தாமிரம் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். செலோ டேப்பும் லாமினேஷனும் அதைவிட மோசம்.

துருப்பிடித்த பின்களை மட்டும் எடுத்துவிடுங்கள். நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் கால்களை மொட்டைக் கத்தியால் நிமிர்த்தி, பின்னை வெளிப்பக்கமாக உருவி, அதே துளைகளில் பருத்தி நூலால் தையுங்கள். மரப்பெட்டிக்குப் பதில் இரும்புப் பெட்டி நல்லது. தரையிலும் வெளிச்சுவரிலும் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பையில் இருக்கட்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை கிளம்ப ஆரம்பிக்கும். அந்துருண்டை போட்டால் அந்த வாசனை தாளைவிட்டு எளிதில் போகாது.

இவற்றுக்கு நல்ல விலை கிடைக்குமா?
— செவ்வாய்ப்பேட்டை

பெரும்பாலும் தபால் செலவுதான் விலையைவிட அதிகமாக இருக்கும். போஸ்டரும் உள்ளே தைத்த பிளாஸ்டிக் ரெக்கார்டும் கிழியாமல் இருந்தால் கொஞ்சம் மதிப்பு உண்டு. விளம்பரங்களை வெட்டித் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

எல்லாமே யூடியூபில் கிடைக்கும்போது இந்தப் பழைய தாள்களின் மேல் பெரியவர்களுக்கு எதற்கு இத்தனை பாசம்?
— ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

1991-க்கு முன்னால் வெளிநாட்டுக் கிட்டாரோ பெடலோ (கிட்டார் ஒலியை மாற்றும், காலால் அழுத்தும் பெட்டி) இறக்குமதி செய்வதற்கு இருந்த கட்டுப்பாடும் சுங்கமும் அப்படி. விளம்பரத்தில் அமெரிக்காவின் கிப்சன் கிட்டார், கையில் கொல்கத்தாவின் கிவ்சன். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) என்றால் கல்யாண மேடைக்கு வரும் அகுஜா. ஒரு பொருளை வாங்க முடியாதவருக்கு அதைப் பற்றி எழுதியதுதான் பொருள். அதனால் எழுத்துக்கு எழுத்து படித்தார்கள், படித்ததைக் கைமாற்றினார்கள்.

இதழின் பின்பக்கங்களில் தபால் அட்டை ஒன்று இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஓர் எண். வேண்டிய எண்களை வட்டமிட்டு அனுப்பினால் அந்தந்தக் கம்பெனி கேட்டலாக் அனுப்பும். தபால்தலை வேண்டாம் என்று அதில் அச்சிட்டிருப்பது அமெரிக்காவுக்குள் போடுபவர்களுக்கு மட்டும். இங்கிருந்து போட்டால் விமானத் தபால்தலை ஒட்ட வேண்டும். உங்கள் இதழ்க் கட்டுக்குள் வட்டமிட்டு அனுப்பாமல் விட்ட அட்டை இருந்தால், அந்த மனிதர் எதற்கு ஆசைப்பட்டார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பாசத்தை ஒதுக்கிவைத்தாலும் ஒரு காரணம் மிச்சமிருக்கிறது. அன்றைய கட்டுரைகள் ஒரு சுற்று ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கி எழுதின. ஆனால் அவை எழுதப்பட்டது வேறு ஊரின் காற்றுக்கும் வேறு ஊரின் கரன்டுக்கும். அடுத்து வரும் கேள்விகளில் பாதி இதனால் வந்த சிக்கல்தான்.

பழைய இதழில் இருந்த இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் பெடல்) சர்க்யூட்டை ஏசி128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டுக் கட்டினேன். டிசம்பரில் ஏற்காட்டில் அருமையாக இருந்தது. மே மாதம் சேலத்தில் அதே பெடல் கரகரத்து, நோட்டு பாதியில் அறுந்துபோகிறது. எங்கே தப்பு?
— சூரமங்கலம்

தப்பு வெயிலில். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் வழி வந்த சுற்று அது. மொத்தம் 11 பாகம்: இரண்டு டிரான்சிஸ்டர், 33கே, 8.2கே, 470 ஓம், 100கே ரெசிஸ்டர்கள், 2.2, 20, 0.01 மைக்ரோஃபாரட் கன்டென்சர்கள். 1கே ஃபஸ், 500கே வால்யூம் கன்ட்ரோல்கள். டிரான்சிஸ்டருக்குப் பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் பேஸுக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சூடு ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் கசிவு இரட்டிப்பாகும். ஏற்காட்டு டிசம்பர் இரவின் 15 டிகிரிக்கும் சேலத்து மே மதியத்தின் 40 டிகிரிக்கும் நடுவே கசிவு ஐந்து மடங்குக்கு மேல் போய்விடும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் நிற்க வேண்டிய 4.5 வோல்ட் இடம் மாறுகிறது, ஒலி அறுகிறது.

முதலில் டிரான்சிஸ்டரைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து பேஸ்–எமிட்டர் பாருங்கள். 0.2 முதல் 0.3 வோல்ட் காட்டினால் ஜெர்மானியம். 0.6-க்கு மேல் காட்டினால் வேறு எதன் மேலோ ஏசி128 என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் அவுட்புட் பகுதியில் நல்ல ஏசி128 கிடைக்கலாம். பக்கத்திலேயே ஏசி127 இருக்கும். அது என்பிஎன் வகை, ஏசி128 பிஎன்பி வகை. துருவம் நேரெதிர் என்பதால் இந்தச் சுற்றுக்கு ஆகாது.

அடுத்து கசிவு. எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் ப்ளஸில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 2.2கே-யும் 270 ஓமும் தொடராக வையுங்கள். பேஸைத் தொங்கவிட்டு, அந்த இரண்டு ரெசிஸ்டர்களின் குறுக்கே வோல்ட் பாருங்கள். இது கசிவு, அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இப்போது பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டாம் எண்ணில் முதல் எண்ணைக் கழித்து நூறால் பெருக்கினால் கெய்ன் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற எண்). முதல் இடத்துக்கு 70 முதல் 100, இரண்டாம் இடத்துக்கு 100 முதல் 130 இருந்தால் நன்றாகப் பாடும். அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடிக்காதீர்கள், விரல் சூட்டிலேயே எண் ஏறும். தொட்டுவிட்டால் இரண்டு நிமிடம் ஆறவிட்டு அளங்கள்.

பிறகு 8.2கே-யை எடுத்துவிட்டு 10கே ட்ரிம்மர் (திருகித் திருப்பும் சிறு ரெசிஸ்டர்) போடுங்கள். கலெக்டரில் 4.5 வோல்ட் வரும்வரை திருப்புங்கள். சீசனுக்கு ஒருமுறை திருப்பிக்கொள்ள அதன் தலை தெரியும்படி டப்பாவில் ஒரு துளை இருக்கட்டும். ஈயம் வைக்கும்போது காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு மூன்று விநாடிக்குள் முடித்துவிடுங்கள்.

சேலத்திலேயே வாசிப்பவர் என்றால் எங்கள் யோசனை சிலிக்கான். பிசி108 அல்லது பிசி109 போடுங்கள். ஃபஸ் ஃபேஸே பிற்பாடு பிசி108-க்கு மாறியதுதான். என்பிஎன் என்பதால் பேட்டரியையும் எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்களையும் தலைகீழாக மாற்ற வேண்டும். ஒலி கொஞ்சம் கூர்மையாக இருக்கும். வானொலி நிலையம் உள்ளே வந்து பாடினால் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர்–பேஸ் நடுவே 100 பிகோஃபாரட் வையுங்கள். உங்கள் பிஎன்பி பெடலில் பேட்டரியின் ப்ளஸ்தான் கிரவுண்டு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகும்.

எல்லா இதழிலும் அக்கூஸ்டிக் கிட்டாருக்குள் ஈர ஸ்பாஞ்ச் வைக்கச் சொல்கிறார்கள். ஏற்காட்டில் வைத்தேன். கம்பிகள் ஃப்ரெட் பலகையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டுவிட்டன.
— நாகலூர்

அது பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டு மூடிய அமெரிக்க வீட்டுக்குச் சொன்ன யோசனை. அங்கே வீட்டுக் காற்று காய்ந்து மரம் வெடிக்கும். மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும் ஊரில் மரம் ஏற்கெனவே குடித்துவிட்டு இருக்கிறது. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். மரம் ஊதினால் பிரிட்ஜுக்கு (உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பின்னால் மேல்பலகை புடைக்கும், கம்பி உயரும், ஒலி மந்தமாகும்.

ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, கேஸுக்குள் கழுத்துப் பக்கம் 200 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில் வையுங்கள். ஆரஞ்சு நிற மணிகளை வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வறுத்தால் மறுபடி உழைக்கும். கேஸுக்குள் ஒரு ஈரப்பதமானியும் வேண்டும். அதை நம்புவதற்கு முன் ஒரு மூடிய டப்பாவில் ஈர உப்போடு எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்து, கூடுதலானால் கழித்தும் குறைவானால் கூட்டியும் கொள்ளுங்கள்.

கம்பி உயர்ந்தவுடனே ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பி) திருகாதீர்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டை அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். கால் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் கழுத்தில் குறையில்லை, புடைத்தது பலகை. ஒரு வாரம் காயவிட்டு மறுபடி அளங்கள். கோடையில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்தால் நேர்மாறாக நடக்கும். மரம் சுருங்கி ஃப்ரெட் நுனிகள் விரலைக் கீறும். அப்போது அரத்தைத் தேடாதீர்கள். சிலிக்காவை எடுத்துவிட்டு, கேஸை இரண்டு மணி நேரம் மூடியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

இதழுக்குள் மெல்லிய சதுர பிளாஸ்டிக் ரெக்கார்டு இருக்கிறது. பிளேயரில் வைத்தால் வழுக்குகிறது.
— அஸ்தம்பட்டி

1984 முதல் சில ஆண்டுகள் 'கிட்டார் பிளேயர்' 'சவுண்ட்பேஜ்' என்ற பெயரில் வைத்தது அது. நேராக ரப்பர் விரிப்பின் மேல் வைக்காதீர்கள். பழைய எல்பி ஒன்றை அடியில் போட்டு, அதன் மேல் வைத்து, நடுத் துளைக்குப் பக்கத்தில் லேபிள் மேல் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். பள்ளங்களின் மேல் நாணயம் படக்கூடாது. வேகம் 33⅓. ஆட்டோ ஸ்டார்ட் வேண்டாம், ஊசியைக் கையால் இறக்குங்கள். சுருண்டிருந்தால் இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவே எடை வைத்து ஒரு வாரம் விடுங்கள். ஹேர் டிரையர் காட்டினால் அதோடு முடிந்தது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் தேயும் என்பதால் முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்ளுங்கள்.

இதழில் போட்ட ஆம்ப் செட்டிங்கை அப்படியே வைத்தும் அந்த ஒலி வரவில்லை.
— அம்மாப்பேட்டை

100 வாட் வால்வு ஆம்பின் வால்யூமை 7-ல் வைத்தபோது எடுத்த எண்கள் அவை. உங்கள் 15 வாட்டில் 7 என்பது வேறு விஷயம். கூடவே டேப் நோட்டேஷனின் தொடக்கத்தில் டியூனிங் குறிப்பைப் பாருங்கள். ஹென்ட்ரிக்ஸ், வான் ஹேலன் போன்ற ராக் கிட்டார் கலைஞர்கள் எல்லாம் பல பாட்டுகளில் அரை ஸ்வரம் இறக்கி வாசித்தவர்கள்.

மாமா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய 1960-களின் வால்வு ஆம்ப். பின்னால் 117 வோல்ட் என்றிருக்கிறது, பிளக்கில் இரண்டு தட்டைக் கால். மின் கன்வர்ட்டர் போட்டு ஓட்டலாமா?
— ஐந்து ரோடு, சேலம்

230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சில விநாடியில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ட்ராவல் கன்வர்ட்டர் வேண்டாம். 500 விஏ கொண்ட செம்புச் சுற்று ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அவுட்புட் 115 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் மீட்டரில் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸில் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள்.

அதைவிட முக்கியம் எர்த். இரண்டு கால் பிளக் காலத்து ஆம்ப்களில் மின் ஒயரிலிருந்து சேசிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டம்) 0.047 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒன்று போயிருக்கும், பக்கத்தில் 'கிரவுண்டு' சுவிட்சு. அந்தக் கன்டென்சர் ஷார்ட் ஆனால் மின்சாரம் கிட்டார் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கு வரும். அதைக் கழற்றிவிட்டு மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனி போல்ட்டால் இறுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் எர்த் தொடர்ந்து வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். உள்ளே ஃபில்டர் கன்டென்சர்களில் ஆஃப் செய்த பிறகும் 400 வோல்ட் நிற்கலாம் என்பதால் இது வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்குக்குத்தான். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தக் கன்டென்சர்களையும் அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை ஆம்பை பிளக்கில் செருகாதீர்கள்.