சின்னச் சின்ன வீடியோக்களால் ஒரு முகம்

கேள்வி: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபத் திரையில் ஒரு வீடியோ போட ஆசை. கைபேசியில் எடுத்த குடும்ப வீடியோக்கள் முந்நூறு இருக்கின்றன. அவை கட்டம் கட்டமாக ஓட வேண்டும், தள்ளி நின்று பார்த்தால் இருவர் முகமும் தெரிய வேண்டும். செய்து பார்த்தேன்; ஒரே மினுமினுப்பு, முகமே பிடிபடவில்லை. எங்கே தப்பு?

பதில்: ஒவ்வொரு வீடியோவிலும் ஏதோ ஒரு ஃபிரேமின், அதாவது வீடியோவை உண்டாக்கும் தனிப்படங்களில் ஒன்றின், நிறத்தைப் பார்த்துப் பொருத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஃபிரேமில் இருட்டாக இருந்த இடத்தை அடுத்த நொடியே யாரோ வெள்ளைச் சட்டையோடு கடந்து போவார்கள். அப்பாவின் தலைமுடியில் ஓட்டை விழும். எல்லாக் கட்டத்திலும் இப்படி நடந்தால் மினுமினுக்காமல் என்ன செய்யும்?

அசையாத படங்களைக் கொண்டு இப்படி முகம் செய்வதை 1990களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சில்வர்ஸ் பிரபலமாக்கினார். 2002இல் ஆலிசன் கிளைன், ஆடம் ஃபிங்கல்ஸ்டைன் குழுவினர் அதை வீடியோவுக்குக் கொண்டுவந்தபோது, ஃபிரேமுக்கு ஃபிரேம் தொடர்ச்சி என்பது முக்கியக் கணக்காகிவிட்டது. அவர்கள் பெரிய படத்தையும் ஓடும் வீடியோவாகவே வைத்தார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். பெரிய படம் அசையாத புகைப்படமாக இருக்கட்டும், கட்டங்கள் மட்டும் ஓடட்டும்.

முதலில் எல்லா வீடியோவையும் நொடிக்கு 25 ஃபிரேம் என்று மாற்றுங்கள். கைபேசி வீடியோக்களின் ஃபிரேம் வேகம் பெரும்பாலும் ஏறி இறங்கும். அப்படியே கோத்தால் ஒன்றுக்கொன்று விலகும். நிமிர்த்திப் பிடித்து எடுத்தவற்றை நடுவில் வெட்டி அகலவாக்கில் ஆக்கி, எல்லாவற்றையும் 96×54 பிக்சலுக்குச் சுருக்கி, நான்கு நொடித் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு வீடியோவுக்குப் பத்துத் துண்டு தேறினாலும் மொத்தம் 3,000. திரை 1920×1080 என்றால் 20×20, அதாவது 400 கட்டம்தான் தேவை. தாராளம்.

இனி விஷயம் துண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் 4×4 பகுதியாகப் பிரித்து, நூறு ஃபிரேமிலும் ஒவ்வொரு பகுதியின் வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். பைத்தான் நிரல்மொழியும், படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நிரல் தொகுப்பும் தெரிந்தவருக்கு இது சின்ன வேலை. அதிகம் ஆடுகிற துண்டைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள், எவ்வளவு பிடித்த காட்சியாக இருந்தாலும் சரி. மிஞ்சியதைப் புகைப்படத்தின் கட்டங்களோடு அதே பதினாறு பகுதியாக ஒப்பிடுங்கள். கட்டத்துக்கு ஒரே சராசரி நிறம் என்று பார்த்தால் கண், மூக்கின் விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். நிறத்தைவிட வெளிச்சத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். முகத்தை நாம் முக்கியமாக ஒளி நிழலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்.

வீட்டு வீடியோக்களில் நல்ல இருட்டுத் துண்டு கிடைப்பது அரிது. இரவு மொட்டைமாடி, விளக்கணைத்த பூஜையறை, கரும்பட்டுப் புடவை என்று கொஞ்சம் புதிதாக எடுத்துச் சேருங்கள். அப்படியும் முகம் மங்கலாக இருந்தால் மேலே அந்தப் புகைப்படத்தையே 20, 25 சதவீத அடர்த்தியில் படரவிடலாம். கலப்பே கூடாது என்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஆனால் 40ஐத் தாண்டினால் புகைப்படத்துக்குத் திரை போட்ட மாதிரிதான் இருக்கும்.

நான்கு நொடி முடிந்து எல்லாக் கட்டமும் ஒன்றாகத் துள்ளாமலிருக்க, துண்டை முன்னும் பின்னுமாக ஓட்டி, தொடங்கும் நேரத்தைக் கட்டத்துக்குக் கட்டம் மாற்றுங்கள். சாப்பிடும் காட்சி மட்டும் வேண்டாம், வாயிலிருந்து இட்லி வெளியே வரும்.

கோப்பதற்கு, கட்டளை எழுதி வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் போதும். நானூறையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் கணினி திணறும். இருபது இருபதாக எச்ஸ்டாக்கில் (பக்கவாட்டில் சேர்க்கும் வசதி) வரிசையாக்கி, அந்த இருபது வரிசையையும் விஸ்டாக்கில் (மேலும் கீழுமாகச் சேர்க்கும் வசதி) அடுக்குங்கள். கட்டங்களின் ஒலியை எடுத்துவிட்டு நாதஸ்வரமோ அப்பாவுக்குப் பிடித்த பாட்டோ போடுங்கள்.

இவ்வளவு நுணுக்கமான படத்தை அழுத்தினால் முதலில் சிதைவது கட்டங்கள்தான். எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில், தரத்தைக் குறிக்கும் சிஆர்எஃப் எண்ணை 16 அல்லது 17 என்று வையுங்கள். மண்டபத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பென்டிரைவில் கொண்டுபோங்கள். மண்டப வெளிச்சத்தில் புரொஜெக்டர் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும் என்பதால், தொடங்கும்போதே புகைப்படத்தின் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.